பேர் வாசித்த ஞாயிறு

போன வாரம் போடி சந்தையில் நல்ல மழை. ஒதுங்கி நின்ற என்னை உரசிக்கொண்டு ஒரு கிழவர் போனார். சாக்கை முனை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தார். நனைந்த சாக்கு வாசம், அதில் லேசாக ஏலக்காய். யோசிக்கும் முன்னே குனிந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

"என்னப்பு, ஆள் மாறிப்போச்சா?" என்றார்.

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

எழுபதுகளின் கடைசியில், போடிமெட்டுக்குப் பக்கம் ஒரு ஏலத்தோட்டப் பள்ளியில் நான் வாத்தியார். சாக்பீஸ்கூட நமத்துப்போகிற குளிர். அங்கிருந்த தகரக்கூரை வேதக்கோயிலுக்கு நான்தான் செயலாளரும். இருபத்துமூன்று வயசு. மீசை ஒழுங்காக முளைக்கவில்லை, பிறத்தியாரிடம் ஒழுங்கு பார்ப்பதில் மட்டும் குறைச்சலில்லை. சிரிக்காதீர்கள், அப்போது அது எனக்குப் பெருமை.

மாதம் ஒரு ஞாயிறு போடியிலிருந்து ஜீப்பில் ஐயர் வருவார். எங்கள் சபையில் பாதிரியாரை ஐயர் என்போம். அன்றைக்குத்தான் திருவிருந்து, அப்பமும் ரசமும் கொடுக்கிற பந்தி. அதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. சபை ஒழுங்கை மீறியவர்களின் பேரைச் செயலாளர் எழுந்து வாசிக்க வேண்டும். பேர் வந்தவர் வெளியே போய்விட வேண்டும்.

ஞானம்மா தோட்டத்தில் காய் எடுக்கிற பெண். கல்யாணமாகாமலே முழுகாமல் இருக்கிறாள் என்று கூலிக்காரர் குடியிருந்த லயத்தில் பேச்சு. சனிக்கிழமை சாயங்காலம், சாக்கைத் தலையில் போட்டபடி பள்ளி வாசலில் வந்து நின்றாள்.

"வாத்தியாரே, பேர மட்டும் வாசிச்சிராதீங்க. எங்கய்யாவுக்கு இன்னும் தெரியாது. பந்திக்கு முன்னாடி நானே எந்திரிச்சுப் போயிர்றேன்."

"பாப்போம்" என்றேன்.

பார்க்கவில்லை. மறுநாள் தகரத்தில் விழுகிற மழையையும் மிஞ்சுகிற குரலில் வாசித்தேன். அவள் சாக்கை எடுத்துக்கொண்டு, யாரையும் பாராமல் வெளியேறினாள். முன்வரிசையில் அவள் அப்பன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கோ, சொல்ல வெட்கமாயிருக்கிறது, கடமையை முடித்த திருப்தி.

ஐயர் அந்த மாதம்தான் புதிதாக வந்தவர். அங்கியோடு பீடத்திலிருந்து இறங்கி வந்தார்.

"யாரு தம்பி அந்தப் பொண்ணு? இந்த மழையில எங்க போகும்?"

"சபை ஒழுங்குங்கய்யா..."

"ஒழுங்கு உள்ளயே இருக்கட்டும். நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்."

ஒரு துண்டு அப்பத்தைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு மழையில் இறங்கினார். அவர் பின்னாலேயே அவள் அப்பனும் எழுந்து போனார். திருவிருந்தை நிறுத்தி வைத்துவிட்டு நாங்கள் காத்திருந்தோம்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஐயர் மட்டும் வந்தார், முழங்கால் வரை சேறு. அவள் ஏதோ லோடு ஜீப்பில் ஏறிக் கேரளாப் பக்கம் போய்விட்டாளாம். அப்பனும் அடுத்த வண்டியைப் பிடித்துத் தேடிப் போயிருந்தார். இரண்டு பேருமே அப்புறம் தோட்டத்துக்குத் திரும்பவில்லை.

ஐயர் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் இன்றைக்கு நிம்மதியாக இருப்பேன். கைக்குட்டையைப் பிரித்து, அவளுக்கென்று கொண்டுபோன அப்பத்தை, ஈரத்தில் சொதசொதத்துப் போனதை, என் கையில் வைத்தார்.

"நீயும் வா தம்பி" என்றார். அவ்வளவுதான்.

வெளியே போயிருக்க வேண்டியவன் நான். உள்ளே நின்று தின்றேன்.

பேர் வாசிக்கிற வழக்கம் அன்றோடு நின்றது. ஐயர் காலமாகிவிட்டார். கோயில் இருந்த இடத்தில் இன்று தங்கும் விடுதி. மலையில் எல்லாரும் பிளாஸ்டிக் கோட்டுக்கு மாறியாயிற்று, சாக்குப் போடுகிறவர் அபூர்வம். போட்டவர் ஆணோ பெண்ணோ, குனிந்து முகம் பார்க்கிற பழக்கம் மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. ஞானம்மாவின் பிள்ளைக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும். அதற்கு என்ன பேர் வைத்தாளோ, எனக்குத் தெரியாது.