கையுறை வெள்ளை, நகம் நீலம்

போன மாதம் என் மானிட்டரை அறைந்துவிட்டேன். கையால்தான். செருப்பு வாசலில் கிடந்தது.

என் கோபம் உங்களுக்குப் புதிதில்லை. ஆனால் இந்த முறை காரணம் இருந்தது. ஒரே கல்யாணப் படம். எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஒரு நிறம், ஆல்பம் டிசைன் செய்கிற சாஃப்ட்வேரில் வேறு நிறம். இடது மானிட்டரில் நீலம் பாய்ந்திருக்கிறது, வலது மானிட்டரில் கொஞ்சம் கம்மி. போனில் பார்த்தாலோ, எல்லார் முகமும் தக்காளி.

ஆல்பம் செய்து பிழைக்கிறவளுக்கு வேறென்ன வினை வேண்டும்?

விஷயம் எளிதுதான். ஒவ்வொரு படத்தோடும், அதிலிருக்கும் சிவப்பு எந்தச் சிவப்பு என்று சொல்கிற குறிப்பு ஒன்று ஒட்டியிருக்கும். கலர் புரொஃபைல் என்பார்கள். ஒரு சாஃப்ட்வேர் அதைப் படிக்கும். இன்னொன்று படிக்காமல் தன் இஷ்டத்துக்குக் காட்டும். மானிட்டர்கள் அதற்கும் மேலே... கடையிலிருந்து வரும்போதே நீலம் தூக்கலாகத்தான் வருகின்றன. பளிச்சென்று இருந்தால்தானே நாம் வாங்குவோம்?

அதனால்தான் என் அறைச் சுவருக்குச் சாம்பல் நிறம். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. வேலை செய்யும்போது நான் உடுத்துவதும் கறுப்பு, சாம்பல்தான். வேறு நிறம் இருந்தால் திரையில் பட்டுக் கண்ணை ஏமாற்றும். எதிர்வீட்டுக்காரர்கள் என் அறையை மார்ச்சுவரி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அது காரைக்கால் பக்கத்துக் குரும்பகரம் சூசைராஜ் வீட்டுக் கல்யாணம். நெல் அறுக்கும் மெஷின் வைத்து ஓட்டுகிறவர். ஒரே மகள், மாப்பிள்ளை பாரிசில். சர்ச்சில் அப்பா மகளின் கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் நடத்திக்கொண்டு வருவாரே, அந்தப் படத்தில்தான் ஆரம்பித்தது. சூசைராஜின் உதட்டில் நீலம்.

மானிட்டர் கோளாறு என்று நினைத்தேன். அறைந்தேன். போகவில்லை.

திரையின் முகத்தில் வைத்து நிறத்தை அளக்கிற கருவி ஒன்று என்னிடம் உண்டு. வயரோடு செத்த எலி மாதிரி தொங்கும். அதை வைத்து இரண்டு மானிட்டரையும் சரிசெய்தேன். இரண்டு சாஃப்ட்வேருக்கும் ஒரே புரொஃபைல் கொடுத்தேன். கடைசியாக, சர்ச் கல்யாணங்களில் நான் எப்போதும் செய்கிற வேலை. மணப்பெண்ணின் கையுறையைக் கிளிக் செய்து, இதுதான் வெள்ளை என்று சாஃப்ட்வேருக்குச் சொல்லிக்கொடுப்பது. வெள்ளை சரியானால் மற்ற நிறமெல்லாம் தானாக ஒழுங்குக்கு வந்துவிடும்.

வந்தது. இரண்டு திரையும் அச்சாக ஒன்று போல. கவுன் வெள்ளை. பீடத்துப் பூ சிவப்பு. ஃபாதர் முகம் ஃபாதர் முகமாகவே இருந்தது.

சூசைராஜின் உதடு நீலம். இரண்டிலும்.

நிறம் ஒத்துப்போனால் எனக்குச் சந்தோஷம் வரும். அன்றைக்கு வரவில்லை. திட்டுவதற்கு இனி எந்த மெஷினும் பாக்கியில்லை. அந்தச் சாம்பல் அறையில் நானும் அவர் முகமும் மட்டும்.

அடுத்த படத்தைத் திறந்தேன். முதலில் இடப்பக்கம் நின்றவர் இதில் வலப்பக்கம் நிற்கிறார். நீலமும் வலப்பக்கம் வந்துவிட்டது. திரையில் கறை இருந்தால் அது ஒரே இடத்தில்தானே இருக்க வேண்டும்? இது அவர் கூடவே நடக்கிறது.

காலையில் வீட்டில் எடுத்த படங்களில் லேசாக. சர்ச்சில் இன்னும் கொஞ்சம். சாயங்காலம் மண்டபத்துப் படங்களில், யாரோ அவருக்குள் மையை ஊற்றிக்கொண்டே வந்த மாதிரி. பக்கத்தில் நிற்கிற ஒருவருக்கும் ஒன்றுமில்லை. சிரிக்கிறார்கள். அவரும் சிரிக்கிறார்.

கையைப் பெரிதாக்கினேன். மகளின் கையுறை வெள்ளை வெளேர். அதைப் பிடித்திருக்கிற விரல்களில் நகமெல்லாம் நீலம்.

மறுநாள் முற்பகல், படம் தேர்ந்தெடுக்க சூசைராஜின் மனைவி ரீத்தா வந்தார். அவரை இறக்கிவிட்டுக் கணவர் வாசலில் பைக்கிலேயே உட்கார்ந்துகொண்டார். ரீத்தா கட்டியிருந்தது கிளிப்பச்சைப் புடவை. திரை பச்சையாகிவிடும். வருகிறவர்களுக்குப் போர்த்துகிற கறுப்புத் துணியை அவருக்கும் போர்த்திவிட்டேன்.

“என்னாக்கா, வந்ததும் வராததுமா கறுப்பைப் போத்தி விடுறீங்க? நான் என்னா எழவு வீட்டுக்கா வந்துருக்கேன்?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படங்களைப் பார்த்தார். எல்லாருக்கும் கலர் ஏற்றச் சொன்னார். கணவருக்கு ரெண்டு பங்கு ஏற்ற வேண்டுமாம். கல்யாண அலைச்சலில், வெயிலில் கருத்துப்போய்விட்டாராம்.

இந்த ஊரில் கல்யாணம் வைத்த ஆம்பிளை எப்படி ஆனாலும் அதற்கு ஒரே பதில்தான். அலைச்சல். இளைத்தால் அலைச்சல், மூச்சு வாங்கினால் அலைச்சல், நீலம் பாரித்தாலும் அலைச்சல். இந்தக் கலர் ஏற்றுகிற சனியனைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. ஏற்ற மாட்டேன், முதலில் அவரை டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன்.

ரீத்தாவுக்கு முகம் மாறிவிட்டது. நீங்கள் என்ன டாக்டரா என்று கேட்டார். உங்கள் மெஷின்தான் ஓட்டை, என் போனில் அவர் நன்றாக இருக்கிறார் என்று போனை எடுத்துப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். கல்யாணப் படங்கள் தாண்டிப் பழைய படங்கள் வந்தன. ஒரு படத்தில் நான் அவர் விரலைப் பிடித்து நிறுத்தினேன்.

போன வருஷம் இறந்த அவர் மாமனார். சவப்பெட்டியில் படுத்திருக்கிறார், சுற்றிலும் குடும்பம் நிற்கிறது. எல்லாக் கிறிஸ்தவ வீட்டிலும் எடுக்கிற படம்தான். கிழவரின் உதடு ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. கன்னத்தில் பளபளப்பு. சுற்றி அழுகிறவர்களைவிட அவர்தான் தெம்பாக இருந்தார்.

“பாருங்க ரீத்தா. பொட்டியில இருக்கறவருக்கே உங்க போனு ரத்தம் ஓட விட்டுருக்கு. இதை நம்பியா அவரை வெயில்ல உக்கார வச்சிருக்கீங்க?”

அவர் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்துபோய்க் கணவரைக் கூப்பிட்டார்.

சூசைராஜ் வாசற்படி ஏறி வந்தார். என் வீட்டுக்குப் படி அதிகமில்லை. ஏறியவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், மூச்சு வாங்கி முடிகிற வரைக்கும். ஜன்னல் திரையை விலக்கி, பிரின்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அவர் கையை அதன்மேல் வைக்கச் சொன்னேன்.

திரையில் இருந்த அதே நகம். அதே நீலம். ஒரு புள்ளி கூட மாறவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக என் மானிட்டர் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தது. அதைப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

அவர் கையை மெல்ல இழுத்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

“தெரியும் மேடம். புள்ள பாரிசுக்குப் பிளைட்டு ஏறட்டும்னு இருந்தேன்.”

ரீத்தா இன்னும் அந்தக் கறுப்புத் துணியைப் போர்த்தியபடியே நின்றார். நான்தான் ஓடிப்போய் அதைப் பிடுங்கினேன்.

அன்றைக்கே காரைக்காலில் பார்த்து, உடனே புதுச்சேரிக்கு அனுப்பிவிட்டார்கள். இருதயத்தில் வால்வு கோளாறாம். ரொம்ப நாளாக இருந்திருக்கும் என்றாராம் டாக்டர். மகள் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு அங்கேயே இருக்கிறாள். ஆபரேஷன் நடந்தது.

ஆல்பம் அப்படியே கிடக்கிறது. நான் யோசித்துப் பார்த்தேன். ஒரே வீட்டில், சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில், தினமும் பார்த்த முகம். ரீத்தாவுக்கு எப்படித் தெரியாமல் போனது? போனை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? வேண்டியவர்கள் முகத்துக்கு நம் கண்ணே கலர் ஏற்றிக்கொள்கிறது. அளக்கிற கருவியை எங்கே மாட்டுவது?

நேற்று சாயங்காலம் ரீத்தாவின் போனிலிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சூசைராஜ். கீழே ஒரு வரி, ‘இப்ப என் கலர் சரியா மேடம்?’

உதடு ரோஜாப்பூ நிறம். கன்னத்தில் பளபளப்பு.

இரண்டு மானிட்டரிலும் போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் ரோஜாதான். தலையணை உறை பச்சை, போர்வை பச்சை, சுவர் மஞ்சள். இதுதான் வெள்ளை என்று நம்பிக் கிளிக் செய்ய அந்தப் படத்தில் ஒரு இடம் கூட இல்லை. கைகள் போர்வைக்குள் இருந்தன.

‘நகம் தெரியுற மாதிரி, ஒரு வெள்ளைத் தாளு மேல கையை வச்சு, வேற போன்ல எடுத்து அனுப்புங்க’ என்று பதில் போட்டேன்.

இதை எழுதி முடிக்கிற வரைக்கும் படம் வரவில்லை. என் செய்திக்குக் கீழே இரண்டு டிக் மட்டும் விழுந்திருக்கிறது... நீலத்தில்.