பெரியும்மா வீட்டுக் கதவு

வாப்பா மேற்படிப்புக்காக மூன்று வருடம் நோர்வேக்குப் போவதாக இருந்தது. நாங்களும் கூடப் போகலாம் என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வகுப்பில் பாதிப் பேரிடம் பனியைப் படம் பிடித்து அனுப்புவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. அப்போதுதான் வாப்பாவின் மூத்த சகோதரியான மாமி குறுக்கே வந்தார். உம்மா தன் அக்கா வீட்டுச் சட்டியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவள், அந்தக் குளிரில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வாள், தன் தம்பி தனியாகவே போய்வரட்டும் என்றார். வாப்பாவும் தலையாட்டத் தொடங்கிவிட்டார்.

மாமி சொன்னதில் பொய்யும் இல்லை. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீடும் உம்மாவின் அக்காவான பெரியும்மாவின் வீடும் ஒட்டியிருந்தன. நடுவில் ஒரு கதவு. அதைச் சாத்தி நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் இல்லாத பெரியும்மா தனி ஆள். ஆனால் எங்களுக்கும் சேர்த்தேதான் உலை வைப்பார். எனக்குத் தலை பின்னுவதும் தம்பிக்குச் சோறு ஊட்டுவதும் அவர்தான்.

ஒரு நாள் காலை அந்தக் கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் எங்கள் பக்கம். இனி ஒரு மாதத்துக்கு நாம் நோர்வேயில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார் உம்மா.

அதன்பிறகு பார்க்க வேண்டுமே எங்கள் உம்மாவை! முழுக்கோழி வாங்கிவந்து தானே வெட்டினார். கறிக்குத் தேங்காய்ப் பால்மாவைக் கரைத்து ஊற்றினார். அங்கே முடிவெட்ட ஏகப்பட்ட செலவாம் என்று யூடியூப் பார்த்து வாப்பாவின் தலையிலும் கைவைத்தார். அந்த வெள்ளிக்கிழமை வாப்பா தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஜும்ஆவுக்குப் போனார். ஆனால் அடுத்து தம்பிக்கு வெட்டியதைப் பார்த்து, எந்த சலூன் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.

வாப்பா விசா விஷயமாகக் கொழும்புக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் தம்பிக்குக் காய்ச்சல் கொதித்தது. கண் செருகுவதைப் பார்த்ததும் நான் ஓடிப்போய்ப் பெரியும்மாவைக் கூப்பிட்டுக் கதவைத் தட்டினேன். அந்தப் பக்கம் காலடிச் சத்தம் வந்து நின்றது. தாழ்ப்பாளில் கைவைத்தேன்.

“தொறக்காதீங்க மகள். நோர்வேல பெரியும்மா ஈக்க மாட்டாதானே?” என்றார் உம்மா.

கதவுக்கு அப்பாலிருந்து பெரியும்மா பேசினார். “உம்மா சொல்றதக் கேளுங்க மகள்.” அவ்வளவுதான். இரண்டு பேர் மீதும் எனக்கு அப்படியொரு ஆத்திரம்.

உம்மா ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டே த்ரீவீலருக்குச் சொன்னார். என்னையும் இழுத்துக்கொண்டு பாலத்தடி டிஸ்பென்சரிக்குப் போனார். பொழுது சாயும்போது தம்பி கஞ்சி குடித்துவிட்டு பிஸ்கட் கேட்டு அழுதான். என் உம்மா ஒரு வீரர் என்று அன்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். மறுநாள் விஷயம் கேள்விப்பட்டு வந்த மாமி, போகும்போது வாப்பாவிடம், “நாலு டிக்கட்டாப் போடு” என்றார்.

பயணத்தன்று வாசலில் எல்லாரும் அழுதார்கள். மாமிகூட அழுதார். பெரியும்மா மட்டும் அழவில்லை. பெட்டிகளை வேனில் ஏற்றுவதிலேயே குறியாக இருந்தார். என்ன கல்மனசு என்று நினைத்தேன்.

நோர்வே போய் வெகுநாளுக்குப் பிறகு உம்மா சொன்னார், கதவைச் சாத்தச் சொன்னதே பெரியும்மாதான் என்று. நாங்கள் சேர்ந்து போக வேண்டும் என்பதற்காக ஒரு மாதம் முந்தியே எங்களை அனுப்பிவைத்தவர், அழவேண்டியதையெல்லாம் அந்தப் பக்கம் தனியாக இருந்து அழுது முடித்திருக்கிறார்.