எட்டாம் ஸ்டேஜின் கடைசிப் பள்ளம்

என் சித்திக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அழுவதற்கென்றே வாயைத் திறந்துகொண்டு வரும் வாண்டுகள்கூட, அவள் ரத்தம் எடுத்து முடித்தபின் "இன்னும் குத்தலையா?" என்று கேட்டு ஏமாந்து போகும். அப்படிப்பட்ட கை.

அதே கையில் கேம் ரிமோட்டைக் கொடுத்தால் கதையே வேறு. அது டிவியோடு வயரில் மாட்டும் பழைய கேம் பெட்டி. மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் ஓடுவான், பள்ளம் வந்தால் தாவுவான். அவ்வளவுதான் ஆட்டம். அவன் தாவினால் சித்தியும் தோளைத் தூக்குவாள். எட்டாம் ஸ்டேஜின் கடைசிப் பள்ளம் ரொம்ப அகலம். அங்கே ரிமோட்டோடு எழுந்தே விடுவாள். ரிமோட் வயர் இழுபடும், பெட்டியில் செருகிய கேம் கேசட் ஆடும், படம் அப்படியே உறையும். மறுபடி முதலிலிருந்து. பன்னிரண்டு வயதில் தொடங்கியவளுக்கு இப்போது நாற்பது. பள்ளத்துக்கு அப்பால் என்னவென்று பார்த்ததே இல்லை.

என் போனில் புது கேம்கள் காட்டினேன். "அதுல எங்க போறதுன்னே தெரியலடி. இதுல எங்க பள்ளம்னு தெரியும். தெரிஞ்சும் விழறேன் பாரு, அதான் விட மனசில்ல" என்றாள்.

பெட்டி இன்னும் ஒரு மாதம் தாங்கினால் பெரிது என்று ரிப்பேர்காரர் சொல்லிவிட்டார். போன ஞாயிறு, எட்டாம் ஸ்டேஜ். இருப்பது ஒரே உயிர்.

"இப்ப கரன்ட் போகும் பாரு" என்றார் சித்தப்பா.

"வாயைக் கழுவுங்க."

வழக்கமாக இந்த இடத்தில் பின்னாலிருந்து "பல்லி" என்று கத்துவது என் வேலை. அன்று ஏனோ வாய் வரவில்லை. அவள் வேலைப் பையிலிருந்து, ரத்தம் எடுக்கக் கையில் கட்டும் ரப்பர் பட்டையை எடுத்து, ரிமோட் பிடித்த அவள் மணிக்கட்டை நாற்காலிக் கையோடு கட்டினேன்.

"என்னடி பண்றே?"

"முஷ்டியை மடக்கிக்கோ சித்தி. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

பள்ளம் வந்தது. சித்தி எழுந்தாள், நாற்காலியும் கூடவே எழுந்தது. நான் அதன் காலைப் பிடித்துத் தொங்கினேன். வயர் அசையவில்லை. மஞ்சள் சட்டைக்காரன் அந்தப் பக்கம் போய் விழுந்தான். அங்கே ஒரு குட்டி வீடு. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். விளக்கு அணைந்தது.

"இவ்வளவுதானா? இதுக்கா இருபத்தெட்டு வருஷம்?" என்றார் சித்தப்பா.

சித்தி கட்டாத கையால் கண்ணைத் துடைத்தாள். தூசி என்றாள். நானும் தூசி என்றே எழுதுகிறேன்.

திரையில் முதல் ஸ்டேஜ் வந்து நின்றது.

"ரெண்டாவதுல மேகத்துக்கு மேல ஒரு கதவு தெரியும். அதுக்குள்ள நான் போனதே இல்லடி."

"கட்டை அவிழ்க்கவா சித்தி?"

"இருக்கட்டும்" என்று பட்டனை அழுத்தினாள்.