கண்ணைத் தனியாக அனுப்பினோம்

திருஷ்டி பொம்மைத் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு: நம் சரக்கைப் பார்த்து யாராவது “ரொம்ப அழகாயிருக்கு” என்று சொல்லிவிட்டால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

புது வீட்டு முகப்பில் நாக்கைத் துருத்திக்கொண்டு தொங்குமே, அந்த முகங்களைத்தான் திண்டுக்கல்லில் மதுரை ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில் பல வருஷமாகச் செய்துவருகிறோம். காகிதக் கூழையும் வெந்தய மாவையும் பிசைந்து அச்சில் அப்பி, காயவைத்து, சிவப்படித்து, மீசை வரைந்து, கடைசியாகக் கண். ஒவ்வொரு கருவிழி நடுவிலும் ஒரு சின்னப் பித்தளை ஆணி அடிப்போம். வெயில் பட்டால் மின்னும். கண் வேலை மட்டும் எங்களிடம் வேலை செய்யும் பஞ்சவர்ணத்துடையது. அன்றைக்கு அவள் தலைக்குக் குளித்து, வெறும் வயிற்றோடு, யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் செய்வாள். ஆணி அடித்த முகத்தை உடனே சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவாள். ஒன்றையொன்று பார்க்கக் கூடாதாம்.

பிளாஸ்டிக் முகங்கள் வந்திறங்கியதும் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக எங்களிடம் வாங்குவதை நிறுத்தினார்கள். எனக்கென்ன, வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களோடு போய் இருந்துகொள்ளலாம். பஞ்சவர்ணத்துக்கும் மற்ற இரண்டு பெண்களுக்கும் இந்தக் கொட்டகையை விட்டால் வேறு அடுப்பு கிடையாது. ஆடிக்குள் வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு வழி பிடிபடாவிட்டால் மூடிவிடுவது என்று அபிராமி அம்மன் சந்நிதியில் நின்று முடிவு செய்தேன். சின்னப் பட்டறை வைத்துக்கொண்டு இதே மாதிரி வழி தேடி அலைகிறவர்கள் உங்களிலும் இருப்பார்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஏன் நடந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

கைப்பெட்டி வழி

எல்லாரும் முதலில் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். தெரிந்தவர் பெட்டியில் போட்டு அனுப்பினோம். பக்கத்து வீட்டு ரஹமத்தக்காவின் மருமகன் இப்ராகிம் மலேசியாவில், கிள்ளானில் வேலை பார்க்கிறார். லீவு முடிந்து போகும்போது, “குடுங்கம்மா, அங்க எனக்குத் தெரிஞ்ச பூசை சாமான் கடை இருக்கு, காட்டிப் பாக்குறேன்” என்று நாலு முகத்தைக் கைலிகளுக்கு நடுவில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

விமான நிலையத்தில் பெட்டியை மெஷினுக்குள் விட்டிருக்கிறார்கள். காகிதக் கூழ் அதில் சரியாகத் தெரியாது போலிருக்கிறது. ஆணிகள் மட்டும் தெரிந்திருக்கின்றன, இரண்டிரண்டாக எட்டுப் புள்ளி. திரை முன்னால் இருந்தவர் பெட்டியைப் புரட்டிப் போட்டு மறுபடி விட்டாராம். அப்போதும் எட்டும் அவர் பக்கமே பார்த்திருக்கின்றன. எழுந்து வந்து இப்ராகிமைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். வந்தவர்களிடமெல்லாம் “பெட்டியில என்ன இருக்கு?” என்று கேட்டுக்கொண்டிருந்த மனுஷர் இவரிடம் கேட்டது: “தம்பி, உள்ள யாரு?”

அடுத்தவர் கண்டெய்னர்

நாலு முகமும் போய்ச் சேர்ந்தன. கிள்ளான் கடைக்காரர் குணா, நம் பக்கத்திலிருந்து போன குடும்பம்தான். போனில் வந்தார். “அக்கா, நாப்பது அனுப்புங்க. நல்லபடியா வந்தா மாசாமாசம் எடுத்துக்கறேன்” என்றார். எங்களுக்கு உயிர் வந்தது.

நாப்பது முகம் கைப்பெட்டியில் போகாது. ஒட்டன்சத்திரத்தில் வெங்காயமும் முருங்கைக்காயும் ஏற்றுமதி செய்கிற ஒருவர், தன் கண்டெய்னரில் இடம் தருவதாகச் சொன்னார். பேப்பர் வேலையெல்லாம் அவருடையது. இந்த வழியில் நமக்குத் தலைவலி இல்லை, உண்மைதான். ஆனால் சரக்கும் நம் கையில் இல்லை. முதுகோடு முதுகாக நாங்கள் அடுக்கியிருந்ததை, இடத்தை அடைக்கிறதென்று அவருடைய ஆட்கள் பிரித்து, முகத்தோடு முகமாகக் கவிழ்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

கிள்ளானில் திறந்தால் நாப்பதும் உடைந்திருந்தன. எதிரெதிராக வைத்தால் ஒன்றின் இடது கண் மற்றதின் வலது கண்ணோடுதானே முட்டும்? குணா அனுப்பிய படங்களை ஒட்டன்சத்திரத்துக்காரரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். “ஏனுங்கம்மா, ஒண்ணு ரெண்டு ஒடைஞ்சா கப்பல் குலுக்கல்னு சொல்லிப்போடலாமுங்க. அத்தனையும் எடது கண்ணுலயே விரிசல் விட்டிருக்குதுங்களே!”

சொந்தப் பேரில் பார்சல்

குணா நல்ல மனுஷர், இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார். பெங்களூரிலிருக்கும் என் மகன் செந்தில், “அம்மா, அடுத்தவங்கள நம்ப வேணாம், நம்ம பேர்லயே அனுப்பலாம்” என்று கம்ப்யூட்டரில் எழுதிப்போட்டு ஏற்றுமதிக்கான நம்பர் வாங்கித் தந்தான். முதலில் பன்னிரண்டு முகத்தைத் தபாலில் அனுப்பிப் பார்ப்பதென்று முடிவானது. துணி சுற்றிப் பஞ்சவர்ணமே கோணி ஊசியால் தைத்து முடிச்சுப் போட்டாள்.

தபாலாபீசில் ஒரு பெண் ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்தது. “என்ன பொருள்மா?” என்றது. “முகம்” என்றேன். “எத்தனை பேரு?” என்று கேட்டுவிட்டு அதுவே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆணி இருப்பதைச் சொல்ல இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மூன்று வாரத்தில் பார்சல் திரும்பி வந்தது. சொல்லாத உலோகம் உள்ளே இருக்கிறதாம். தையல் பிரியவில்லை, பஞ்சவர்ணத்தின் முடிச்சு அப்படியே இருந்தது. அவளே அறுத்துத் திறந்தாள். பதினோரு முகம் சரியாக இருந்தன. பன்னிரண்டாவதற்கு இரண்டு கண்ணிலும் ஆணி இல்லை. பெட்டியை உதறினோம், வைக்கோலைச் சலித்தோம், இல்லை. அந்த இரண்டு ஓட்டையையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பஞ்சவர்ணம் சொன்னாள்: “புடுங்குன மாதிரி இல்லக்கா. எறங்கிப் போன மாதிரி இருக்கு.”

அரைகுறையாக அனுப்புவது

ஆடி நெருங்கிவிட்டது. அம்மனிடம் அழுதுவிட்டு வந்து உட்கார்ந்தபோது ஒரு யோசனை வந்தது. முகங்களை ஆணியில்லாமல் கப்பலில் அனுப்புவோம். ஆணிகளை ‘பித்தளை ஆணி’ என்றே எழுதித் தபாலில் அனுப்புவோம். அங்கே குணா அடித்துக்கொள்ளட்டும். ஒட்டன்சத்திரத்துக்காரரும், “கண்ணில்லாத மொகம்னா ஏத்திக்கறேனுங்க, நீங்க கட்டுனது கட்டுனபடியே போகும்” என்று ஒத்துக்கொண்டார். பெரிய கம்பெனிகள்கூடப் பாதி வேலையை இங்கேயும் மீதியை அங்கேயும் செய்வதுண்டு என்று செந்தில் சொன்னான்.

பஞ்சவர்ணத்துக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. “கண்ண அங்கயே வச்சுக்குவாங்கன்னா நான் எதுக்குக்கா? நாளைக்கு ‘நீ வீட்ல இரு’ன்னுருவீக” என்றாள். கருவிழி தீட்டுவது எப்போதும் அவள்தான், ஆணி அடிப்பதையும் அவள் போனில் பார்த்து நடத்தினால்தான் உண்டு என்று சத்தியம் செய்தேன். அப்புறம்தான் ஆணிகளை எடுத்தாள். நாப்பது முகத்துக்கு எண்பது. அவள் மூன்று தடவை எண்ணினாள், நான் ஒரு தடவை. மஞ்சள் துணியில் முடிந்து உறையில் போட்டு ஒட்டினோம்.

தபால் முதலில் போய்ச் சேர்ந்தது, கப்பல் வரப் பத்துப் பதினைந்து நாள் இருந்தது. முடிச்சைக் குணா கடை மேஜை டிராயரில் வைத்திருந்தார். ஒரு நாள் கூப்பிட்டார். கடை நல்லபடியா நடக்குதா தம்பி என்று கேட்டேன். “நடக்குதுக்கா. ஆனா வர்றவங்க யாரும் என் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்குறாங்க. எல்லாரும் அந்த டிராயரப் பாத்தே பேசுறாங்க.”

எண்ணிக்கை

முகங்கள் ஒரு கீறல் இல்லாமல் இறங்கின. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குணா குளித்து, காப்பிகூடக் குடிக்காமல், வீடியோவில் வந்தார். இங்கே பஞ்சவர்ணமும் வெறும் வயிறு. கண் நாளாயிற்றே, பேச மாட்டாள். கையாலேயே காட்டினாள்: இங்கே வை, சாய்க்காதே, மெதுவாகத் தட்டு, சுவர்ப்பக்கம் திருப்பு. நடுவில் குணா, “அக்கா, இவங்க வாயத் தெறந்து சொன்னா சீக்கிரம் முடிஞ்சிரும்ல?” என்று என்னிடம் கெஞ்சினார். அவள் முறைத்த முறைப்பில் அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

நாப்பதும் முடிந்தது. குணா உள்ளங்கையை நீட்டிக் காட்டினார். அதில் இரண்டு ஆணி மீதி இருந்தது. “எண்பதுன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு கூட இருக்கே?” என்றார். மற்றதெல்லாம் புத்தம் புது ஆணி. இந்த இரண்டும் லேசாக வளைந்து, நுனியில் ஏதோ ஒட்டியிருந்தது. கையைப் போனுக்குக் கிட்டே கொண்டுவரச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் கண் நாளில் வாய் திறக்காத பஞ்சவர்ணம், என் தோளைப் பிடித்துக்கொண்டு பேசினாள்: “அக்கா, அது நம்ம சிவப்பு.”

நாப்பத்தொன்று

அந்த நாப்பதும் விற்றுத் தீர்ந்து, குணா மாச ஆர்டர் போட்டுவிட்டார். ஆடி வந்தது, போனது. கொட்டகையைப் பூட்டவில்லை. இரண்டாவது லோடு கட்டும்போது, திரும்பி வந்த அந்த ஓட்டைக்கண் முகம் சுவரோரம் தனியாக இருந்தது. அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தூக்கிப்போடவும் பயம், வைத்திருக்கவும் பயம். பஞ்சவர்ணம் அதைத் துடைத்து, துணி சுற்றி, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். “இதோட கண்ணு முந்தியே போயிருச்சுல்லக்கா, தேடிக்கிட்டு இருக்கும்” என்றாள். விபூதி இட்டு அனுப்பினோம்.

சரக்கு இறங்கிய அன்றைக்குக் குணா கூப்பிட்டார். அந்த முகத்தை முதலில் எடுத்தாராம். என்ன தம்பி, சரியாக அடித்துவிட்டீர்களா என்று கேட்டேன். “சுத்தியல எடுக்கவே இல்லக்கா. அன்னைக்கு மீந்த ஆணியக் கிட்டக் கொண்டுபோனேன், அதுவா போயி உக்காந்துக்கிச்சு.”

ஆக, சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்ப எந்த வழி நல்லது என்று என்னைக் கேட்டால், அதுவாக ஒரு வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும், நாம் ஃபாரத்தில் ஆணியைச் சேர்த்து எழுதிவிட்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு பின்னாலேயே போக வேண்டியதுதான்.