பனிமூட்டத்தில் உட்கார்ந்த காத்தாயி

காத்தாயிக்கு முழங்கால் இரண்டும் போய் வருசக்கணக்காச்சு. ஆனாலும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ஆள் வந்து நின்றால், மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. இரத்தோட்டைக்கு மேலே அந்தக் காட்டில் இருபத்தெட்டு வருசம் ஏலக்காய் பறித்தவள். எந்தப் பாறை வழுக்கும், எந்த ஊற்று மாசியிலும் வற்றாது என்று அவள் காலுக்கே தெரியும்.

தொண்ணூற்றேழாம் வருசம், சண்டைக் காலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. உக்குவளையிலிருந்து புஹாரி மாஸ்டரும் அவர் சம்சாரம் ஸக்கியாவும் வந்து அவளுடைய லயத்து வீட்டு வாசலில் நின்றார்கள். மணி எட்டரை தாண்டிவிட்டது.

"இப்பத்தான் விடிஞ்சிச்சா மாஸ்டர் உங்க ஊர்ல?" என்றாள் காத்தாயி. "மலைக்கு வர்றவுக இருட்டோட கிளம்பணும். மதியத்துக்கு மேல அது நம்ம பேச்சு கேக்காது. ஆமா, அப்படி மேல என்னதான் இருக்கு? மூட்டை சுமக்கிற வேலைகூட இல்லையே?"

"காத்து வாங்கத்தான் போறோம்."

"அது இங்கயும் அடிக்குது."

சொன்னாளே தவிர, அவளுக்கும் தெரியும். மேலே பத்தனைப் புல்வெளியில் ஏறி நின்றால் பேர் சொல்லிக் கூப்பிட ஒரு கங்காணி கிடையாது. அந்த ஒன்றுக்காகவே கூடையோடு எத்தனையோ நாள் கூடக் கொஞ்சம் நின்றிருக்கிறாள்.

ஸக்கியாவின் கால் முழுக்கச் சவுக்காரம் தேய்த்துவிட்டாள், அட்டை ஏறாதிருக்க. குதி உயர்ந்த செருப்பைக் கழற்றச் சொல்லித் தன் மகளுடைய கேன்வாஸ் சப்பாத்தைப் போடவைத்தாள். "சின்ன அடியா வைங்க. ஏறும்போது வாய் பேசாதீங்க. தண்ணிய வாய் நனையத்தான் குடிக்கணும், வயிறு நிறையக் கூடாது."

பாதை தொடங்குகிற இடத்தில் ஆமி சென்றி, இராணுவக் காவலரண். மேலே ஆள் கூட்டிக்கொண்டு போகிறவர் தன் ஐடென்டியை, அடையாள அட்டையை, அங்கே கொடுத்துவிட்டுப் போகவேண்டும். ஆறு மணிக்குள் வந்து வாங்காவிட்டால் அது கீழே பெரிய முகாமுக்குப் போய்விடும்.

அந்த ஐடென்டி சும்மா வந்ததில்லை. இந்த மண்ணிலேயே பிறந்தவளை நாடில்லாதவள் என்று எழுதிவைத்திருந்தார்கள். நாற்பத்துமூன்று வயசில்தான் பிரஜாவுரிமை வந்தது. ஐடென்டி கையில் இல்லாத அவள் அண்ணன் மகன் முத்துவீரனை ஒருநாள் ஆமிக்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். நாலு மாசம் கழித்து வந்தான், ஆனால் பேச்சு நின்றுபோய்விட்டது. அதனால் காத்தாயி அதைக் கொடுக்கும்போதெல்லாம் சிப்பாய் அதை எங்கே வைக்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். அன்றைக்கும் பார்த்தாள்.

பத்தனைக்கு ஏறியபோதே முழங்கால் விண்ணென்று தெறித்தது. ஏலக்காய்க்காரர்கள் அங்கே நடக்கும்போது பத்தடிக்கு ஒருதரம் உயர்ந்த புல்லைப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டே போவார்கள். பனி மூடினாலும் முடிச்சைத் தடவிக்கொண்டே திரும்பலாம். குனிய முடியாமல் காத்தாயி, "மாஸ்டர், பின்னால வர்ற நீங்களே முடிச்சுப் போட்டுட்டு வாங்க" என்றாள். முடிச்சின் நுனி எப்போதும் வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கவேண்டும். அதை அவள் சொல்லவில்லை. எட்டு வயசிலிருந்து கை தானாகச் செய்கிற வேலையைச் சொல்லிக் கொடுக்கவேண்டுமென்று யாருக்குத்தான் தோன்றும்?

மேலே போய்ப் பாணும் சம்பலும் சாப்பிட்டார்கள். ஸக்கியா காற்றில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று மணிக்குத் திரும்பும்போது பனி மூடிக்கொண்டது. நீட்டிய கை தெரியவில்லை.

காத்தாயி குனிந்து புல்லைத் தடவினாள். ஒரு முடிச்சு தென்பட்டது. நுனி வடக்கே. அடுத்தது தெற்கே. மூன்றாவதை மாஸ்டர் சடை மாதிரி பின்னி நிறுத்தியிருந்தார்.

"என்ன மாஸ்டர் இது, கல்யாணப் பொண்ணுக்கா பின்னினீங்க?"

"அழகா இருக்கட்டுமெண்டுதான்... பிழையா?"

காத்தாயி முடிச்சிலிருந்து கையை எடுத்தாள். எந்தப் பக்கம் இறக்கம், எந்தப் பக்கம் ஆயிரம் அடிப் பள்ளம் என்று முடிச்சு சொல்லவில்லை. தப்பு தன்னுடையதுதான்.

"உக்காருங்க" என்றாள்.

"ஆறு மணிக்குள்ள போகணுமே அக்கா, உங்கட ஐடென்டி!"

"எனக்குத் தெரியாதா? மூடினா உக்காரணும். நடந்தவுகளைத்தான் இந்த மலை எடுத்திருக்கு."

உட்கார்ந்தார்கள். மாஸ்டர் மணிக்கூட்டைப் பார்ப்பதும் சட்டைக்கையை இழுத்து மூடுவதுமாக இருந்தார். நாலு. நாலரை. அவர் எழுந்து இரண்டு அடி வைத்தபோது காத்தாயி அவர் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அவளுக்கும் எழுந்து ஓடவேண்டும் போலத்தான் இருந்தது. நெஞ்சுக்குள்ளே முத்துவீரனின் பேசாத வாய் வந்து வந்து போனது. ஐந்தே காலுக்குத்தான் புல் கொஞ்சம் தெரிந்தது. மாஸ்டர் அடி வைத்த பக்கம், இருபதடியில் பள்ளம் இருந்தது.

சென்றிக்கு வந்தபோது ஆறரை. "போயிடுச்சு" என்றான் சிப்பாய்.

இரண்டு பேரும் அவளுடைய லயத்திலேயே தங்கினார்கள். காலையில் முகாமுக்கு நாலு மைல் நடை, மாஸ்டர் ஒரு பக்கம், ஸக்கியா மறுபக்கம், நடுவில் காத்தாயி. நடந்ததை விசாரித்த முகாம் அதிகாரி சிங்களத்தில் கேட்டார், "ஐடென்டி எங்களிடம் இருக்கிறது என்று தெரிந்தும் ஏன் மேலே உட்கார்ந்தாய்?"

காத்தாயியும் சிங்களத்திலேயே சொன்னாள்: "இதை நீங்க திருப்பித் தரலாம் ஐயா. இவங்களை யாரு தர்றது?"

வெயிலில் மத்தியானம் வரை நிறுத்திவைத்து ஐடென்டியைக் கொடுத்தார்கள். வாங்கி மடியில் முடிந்துகொண்டு தெருவோரக் கல்லில் உட்கார்ந்தாள். பஸ் வந்து நின்றது. மாஸ்டர் கைகொடுத்தார். காத்தாயிக்கு முதல் படிக்குக் கால் தூக்கமுடியவில்லை.

"இது போகட்டும் மாஸ்டர். அடுத்ததுல ஏறிக்குவோம்."