கடலுக்கு எடுத்துப்போன நைட்டி

எங்கள் குடியிருப்பில் முதலில் கப்பலில் போய் வந்தவர்கள் நாங்கள்தான். கிழக்குத் தாம்பரத்தில் மூன்று மாடிக் கட்டடம், பன்னிரண்டு வீடுகள். அதனால் கப்பல் டூர் போகிறவர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள். தீவில் இறங்கும்போது என்ன போட்டுக்கொள்வது, பையில் என்ன வைப்பது என்று.

சொல்வேன். மெல்லிசான காட்டன் துணி. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. தோல் செருப்பு வேண்டாம், குதிகாலில் வார் வைத்த ரப்பர் செருப்பு. தொப்பி. முகத்துக்குப் பூசும் வெயில் க்ரீம், கூச்சப்படாமல் ஆண்களும் பூசிக்கொள்ள வேண்டும். துண்டு ஒன்று. மாற்றுத்துணி ஒரு செட். நனைந்ததைப் போட்டு வர பிளாஸ்டிக் பை. போனுக்குக் கழுத்தில் தொங்கும் கவர். கப்பலில் கொடுத்த அட்டையைத் தொலைக்கக் கூடாது. கப்பல் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கரைக்கு இறங்கக் கூடாது, வாசலிலேயே வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

இவ்வளவு சொல்லி நிறுத்திவிடுவேன். மிச்சம் ஒன்று இருக்கிறது.

நான் தண்ணீர் லாரி ஓட்டியவன். இருபத்திரண்டு வருஷம், மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கம். எங்களுக்கு ஒரே மகள். நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவள்தான் கப்பலுக்கு ஏற்பாடு செய்தாள். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, ஒரு நாள் முழுக்கக் கடலில் போய், மறுநாள் காலை இலங்கையில், திருகோணமலையில் இறங்க வேண்டும். பஸ்ஸில் கடற்கரைக்கு அழைத்துப் போவார்கள். சாயங்காலம் திரும்பவும் கப்பல்.

என் மனைவி கேட்டது ஒன்றுதான்.

"கடல்ல எறங்கலாமாடி?"

"எறங்கலாம்மா. அங்க அலையே இல்ல. இடுப்பளவு தண்ணிலயே எவ்ளோ தூரம் வேணா போலாம். நம்ம பீச் மாதிரி இழுக்காது."

"முழுசா முங்கலாமா?"

"முங்கு, பொரளு, யார் கேக்கப்போறாங்க?"

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் காணும் பொங்கலுக்கு மெரினா போவார்களாம். கால் நனைந்ததும் அவள் அப்பா மேலே ஏறச் சொல்லிவிடுவார். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஏறச் சொன்னேன். அலை இழுக்கும் என்கிற பயம். அதில் தப்பில்லை. ஆனால் அவளுக்கு அவ்வளவு ஆசை இருந்தது எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் பக்கத்தில் இருந்தும் தெரியாது.

மகள் போனில் ஒரு லிஸ்ட் வைத்திருந்தாள். அதில் நீச்சல் உடை என்று இருந்தது. கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடுகிற மாதிரி ஒன்றைப் படத்தில் காட்டினாள். உடம்போடு ஒட்டியிருந்தது.

"இன்னாடி இது, உரிச்ச கோழியாட்டம் கீது."

"ஃபுல்லா மூடுதேமா."

"மூடுது. மூடியும் தெரியுதே."

"சரி, சுடிதார் போட்டுக்கோ."

"இந்த வயசுல பழகணுமா அத. பொடவயும் கால்ல சுத்திக்கும். நான் பாத்துக்கறேன், வுடு."

பார்த்துக்கொண்டாள். ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு கடையில் கருநீல நைட்டி வாங்கினாள். நல்ல கனமான காட்டன். முன்பக்கத் திறப்பைக் கையாலேயே தைத்து மூடினாள். தண்ணீரில் மேலே தூக்கிக்கொண்டு மிதக்குமே என்று கீழ் ஓரத்தில் நாடா கோத்தாள். இழுத்துக் கட்டினால் கணுக்காலோடு நிற்கும். பிறகு அதைப் போட்டுக்கொண்டு குளியலறையில் ரெண்டு பக்கெட் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டு சொட்டச் சொட்ட வெளியே வந்து நின்றாள்.

"பாருடி. ஒட்டுதா? எதாவது தெரியுதா?"

மகள் சுற்றி வந்து பார்த்தாள். "ஒண்ணும் தெரியல. சூப்பர்மா."

"ஏங்க, நீங்க சொல்லுங்க."

"தரையெல்லாம் தண்ணி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

கப்பலில் ஏறியதற்கு மறுநாள். எங்கும் கரை தெரியவில்லை. மேல்தளத்தில் நீச்சல் குளம் இருந்தது. மனைவிக்குத் தலை சுற்றல், மாத்திரை போட்டு அறையில் படுத்திருந்தாள். மகள் கூட இருந்தாள். நான் மட்டும் மேலே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு அம்மா வந்தார். பூப்போட்ட நைட்டி, தோளில் துண்டு. நம் தெருவில் காலையில் பால் வாங்க வருவார்களே, அப்படி. குளத்தில் இறங்கப் போனார். அங்கே வேலை செய்கிற பையன் ஓடி வந்து, இந்த உடையில் இறங்கக் கூடாது மேடம் என்று இங்கிலீஷில் பணிவாகச் சொன்னான். அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

எனக்குப் பின்னால் ரெண்டு வாலிபர்கள். நம்ம ஊர்ப் பேச்சு.

"மச்சான், தண்ணி லாரி வந்துட்ச்சுன்னு யாரோ சொல்ட்டாங்கடா."

"ஆமாடா. அவசரத்துல கொடத்த மறந்துட்டு வந்துகீறாங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவர் முகத்தைப் பார்த்தேன். நாளைக்கு இந்த முகம் எனக்கு வரக் கூடாது என்று நினைத்தேன். நினைத்தது அது ஒன்றுதான்.

என் லாரிக்கு அப்படித்தான் பெண்கள் வருவார்கள். நைட்டியும் துண்டுமாக, ரெண்டு கையிலும் குடத்தோடு ஓடி வருவார்கள். "அண்ணா, ஒரு கொடம் கூட வுடுண்ணா" என்பார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் எனக்கு அது சிரிப்பாக இருந்ததில்லை. அன்றைக்குச் சிரித்தேன்.

மறுநாள் காலை இறங்கினோம். மகள் வாங்கிக் கொடுத்த முக்கால் பேன்ட்டை நான் போட்டிருந்தேன். என் கெண்டைக்கால் எனக்கே புதிதாக இருந்தது. மனைவி கைத்தறிப் புடவை, தொப்பி. தொப்பியோடு அவளைப் பார்த்து மகள் போட்டோ எடுத்தாள். பஸ் கடற்கரையில் விட்டது. டால்பின் பார்க்கப் படகில் போகிறவர்கள் தனியாகப் பிரிந்தார்கள். மகள் அதற்குப் போனாள். மனைவிக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. எங்களுக்கு ரெண்டு மணி நேரம்.

கடல் மகள் சொன்ன மாதிரியே இருந்தது. பச்சையாக, சத்தம் இல்லாமல். காலை வைத்தால் விரல் தெரிந்தது.

மனைவி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பையைத் திறந்தாள்.

"மாத்திகினு வந்துடறேன். அந்த ரூம்ல மாத்தலாமாம்."

கொஞ்சம் தள்ளி அந்த வாலிபர்கள் ரெண்டு பேரும் நின்றிருந்தார்கள். எங்கள் பஸ்ஸில்தான் வந்திருந்தார்கள். எங்களைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம்" என்றேன்.

"இன்னா வேணாம்?"

"நைட்டி வேணாம். காலை மட்டும் நனச்சிக்கோ."

அவள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். "யோவ், சும்மா இரு" என்று சிரித்தாள். தனியாக இருக்கும்போது மட்டும் அப்படிக் கூப்பிடுவாள்.

"சொன்னா கேளு. தண்ணி லாரிக்கு ஓடியாந்தா மாதிரி இருக்கும். எல்லாரும் சிரிப்பாங்க."

சொல்லிவிட்டேன். அந்தப் பையன்கள் சொன்ன அதே வார்த்தை. அவர்கள் யாரோ ஒரு அம்மாவுக்குச் சொன்னார்கள். நான் இவளுக்குச் சொன்னேன்.

அவள் பையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு ஜிப்பை மூடினாள். சண்டை போடவில்லை. ஒரு மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தாள். மூன்று பையையும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

நானும் உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை.

"நீங்களாவது போங்க. இவ்ளோ தூரம் வந்துட்டு" என்றாள்.

போனேன். அதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவளை இறங்க விடாமல் வைத்துவிட்டு நான் இறங்கினேன். இடுப்புவரை போனேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மணல் காலுக்கு மெத்தென்று இருந்தது. மூச்சைப் பிடித்து ஒரு முங்கு முங்கி எழுந்து திரும்பிப் பார்த்தேன். அவள் கையைத் தூக்கி ஆட்டினாள். வாயசைவில் ஏதோ கேட்டாள். எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். நல்லா இருக்கு என்று தலையை ஆட்டினேன்.

அப்போது அந்த ஊர்க் குடும்பம் ஒன்று வந்தது. மூன்று பெண்கள், பிள்ளைகள். என் மனைவி வயதுள்ள ஒரு அம்மா வீட்டில் போட்டிருந்த நீளச் சட்டையோடு அப்படியே கடலில் இறங்கினார். பார்த்தால் நம் நைட்டிதான். பூப்போட்டது. மற்ற ரெண்டு பேரும் பாவாடை சட்டையோடு இறங்கினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாலிபர்களும் பார்க்கவில்லை.

அந்த அம்மா கரையில் இருந்த என் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏன் பாத்துக்கொண்டு இருக்கிறீங்கள்? வந்து குளியுங்கோ அக்கா. பயமில்லை."

"இல்லம்மா. பையப் பாத்துக்கணும்."

"பையை ஆர் எடுக்கிறது இங்க? வாங்கோ."

"மாத்துத்துணி எடுத்தாரல" என்றாள் என் மனைவி.

பொய். பையில் இருந்தது. நான் கேட்டுக்கொண்டு தண்ணீரில் நின்றேன். இறங்கி வா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பாள். இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வேண்டாம் என்று சொன்ன வாயால் எப்படி வா என்று சொல்வது என்று நின்றேன். அப்படியே அந்த ஒரு மணி நேரமும் போனது.

மகள் படகிலிருந்து வந்தாள். அம்மாவின் உலர்ந்த புடவையைப் பார்த்தாள்.

"இன்னாமா, நீ எறங்கலியா?"

"தலவலிடி. வெயிலு ஒத்துக்கல."

"அய்யோ, இதுக்குத்தானமா வந்தோம்."

"பரவால்ல வுடு. அப்பா நல்லா குளிச்சாரு."

என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மகள் துண்டை எடுத்துக் கொடுத்தாள். நான் மணலைப் பார்த்துக்கொண்டு துவட்டினேன்.

வீட்டுக்கு வந்து எட்டு மாதம் அதைப் பற்றி நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபம். வழக்கம்போல்தான் இருந்தாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழ்வீட்டுப் புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். அந்தத் தம்பி ஸ்கூல் வாத்தியார். லீவில் அதே கப்பலில் போகிறார்கள். நான் வழக்கம்போல் லிஸ்ட் சொன்னேன். அவர் ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டார். அந்தப் பொண்ணு என் மனைவியிடம் கேட்டது.

"அக்கா, எனக்கு கடல்ல எறங்கணும்னு ரொம்ப ஆச. இன்னா போட்டுக்கறது? நைட்டி போட்டா பரவால்லியா?"

"அய்ய, அதுமட்டும் எடுத்துகினு போயிடாத" என்றாள் என் மனைவி. "அங்க யாரும் போடமாட்டாங்க. சிரிப்பாங்க. தண்ணி லாரிக்கு ஓடியாந்தா மாதிரி இருக்கும்."

"அப்டியாக்கா?"

"ஆமா. கால மட்டும் நனச்சிக்கோ, போதும்."

கேலியாகச் சொல்லவில்லை. என்னைக் குத்துவதற்காகவும் சொல்லவில்லை. என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. அவள் அதை நம்பினாள். நான் சொன்னதால் நம்பினாள். அவள் கண் முன்னால் அந்த ஊர் அம்மா இறங்கிக் குளித்ததைப் பார்த்த பிறகும், நமக்கு அது சரிப்படாது என்று அவளுக்குள் பதிந்துவிட்டது. இப்போது அதை இன்னொரு பொண்ணுக்குக் கொடுக்கிறாள்.

"இல்லம்மா" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "போட்டுக்கோ. அந்த ஊர்ப் பொம்பளைங்களே அப்படித்தான் எறங்கறாங்க. கப்பல்ல இருக்கற கொளத்துல வுடமாட்டாங்க. கடல்ல யாரும் ஒண்ணும் சொல்லல. இவ ஆசையா தெச்சி எடுத்துகினு வந்தா. நான்தான் எறங்க வுடல. எனக்கு அசிங்கமா இருந்துச்சு. நான் மட்டும் போய்க் குளிச்சிட்டு வந்தேன்."

வாத்தியார் தம்பி பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மிச்சக் காபியை ஒரே மடக்கில் குடித்தார். "வரோம் சார்" என்றார். அந்தப் பொண்ணு என் மனைவியின் கையைத் தொட்டுவிட்டுப் போனது.

கதவைச் சாத்திவிட்டு வந்து மனைவி தம்ளர்களை எடுத்தாள். சமையலறை வாசலில் நின்றாள்.

"எட்டு மாசமா இத வச்சிகினு இருந்தீங்களா?"

"ஆமா."

"என்னாண்ட சொல்லலியே."

"இப்ப சொன்னனே."

"அவங்களாண்டதான சொன்னீங்க?"

குழாயைத் திறந்துவிட்டாள். அவள் சொன்னது சரி. எழுந்து அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும். பத்தடி தூரம்தான். தம்ளர்களைக் கழுவி முடித்துக் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்கும்வரை நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.