கேபிள்காரருக்குக் கொடுத்த டெக்

இன்று காலை தெருவின் கேபிள்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, என் வீடியோ டெக்கு படுத்துட்டு. இன்னைக்கு ஒரு நாள் உங்க டெக்கைத் தாங்க. மத்தியானப் படம் போடணும்லா?"

துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் என் தம்பியே போய் அவருடைய டெக்கைக் கழற்றிவிட்டு எங்களுடையதை மாட்டினான். படம் ஓடும்போது திரையின் மூலையில் மணி தெரியும். அதையும் அவனே வைத்தான்.

மாலையில் பக்கத்து வீட்டுச் சார்வாளின் மகளுக்குப் பூ வைக்க வந்தார்கள். மாப்பிள்ளை வீடு அடுத்த தெரு. அங்கேயும் இதே கேபிள்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நாலரைக்கு ராகு காலம். அதற்குள் முடிக்க வேண்டுமென்று சார்வாள் பதறினார்.

"டிவில மூணரைதான் ஆவுது. பைய நடக்கட்டும் வே," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

என் கைக்கடிகாரத்தில் மணி ஐந்து. சார்வாள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை. மத்தியானமே திரையைப் பார்த்துத் திருத்திவிட்டார்களாம்.

எங்கோ இடித்தது. தம்பியின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். அதிலும் மூன்றரை.

"ஏலே, துபாய் நேரத்தை மாத்தவே இல்லியா?"

"அடுத்த வாரம் திரும்பிப் போகணும்லாண்ணே, எதுக்கு மாத்தணும்?"

ராகு காலத்தின் நட்டநடுவில் பூ வைத்தாயிற்று. பெண் சிரித்தாள், மாப்பிள்ளை சிரித்தார். "நல்ல நேரத்துலயே முடிஞ்சிட்டு," என்று சார்வாள் என் கையில் அல்வாவை வைத்தார். தின்றுவிட்டேன்.

நாளை கேபிள்காரரின் டெக் சரியாகி, திரையில் சரியான மணி தெரிந்துவிடும். சார்வாளிடம் நானே சொல்லிவிடவா, அல்லது இன்றே தம்பியைத் துபாய்க்கு ஏற்றிவிடவா?